ஊட்டுக்கா... ஊட்டிக்கா?

அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் வேலை பார்ப்பவன் லீவ் கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மார்ச்சில் கேட்கக் கூடாது, இயர் எண்டிங். ஏப்ரலில் கேட்கக் கூடாது. ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருப்பார். மே மாதம் கேட்டால், 'ஓஹோ... ஸாருக்கு சம்மர் ஹாலிடேஸா?' என்று ஒரு பார்வை. ஆகவே நம் வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் மிச்சமிருக்கிற மாதங்களில்தான் வர வேண்டும். எங்க அப்பாருக்கு இந்த விவரம் தெரியாது. மே மாதம் பார்த்து கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

(அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்காக இந்த அடைப்புக்குறி. இன்னும் சில வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. நான் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். சொந்த ஊர் பெரியநாயக்கன்பாளையம். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது. தமிழில் எழுதினால் 12 எழுத்து, இங்கிலீஷில் எழுதினால் இன்னும் ஜாஸ்தி. எந்த அப்ளிகேஷன் ஃபாரத்திலும் எங்க ஊருக்குக் கட்டம் போதாது. பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வரியில் 'பாளையம்' போடுவோம். பேப்பர்காரர்கள் புத்திசாலிகள், 'பெ.நா.பாளையம்' என்று சுருக்கிவிட்டார்கள்.

ஃபோன் வந்ததும் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவர் ஒரு காதில் ஃபோனை வைத்துக்கொண்டு, இன்னொரு காதை எனக்குக் கொடுத்தார்.

"ஸார், ரெண்டு நாள் ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க ஸார்."

தலையை ஆட்டினார். ஓடினேன். ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி பெஞ்சில் படுத்திருந்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வந்தேன். செக்ஷனே சிரித்த முகத்தோடு வரவேற்றது.

"என்னப்பா, குளிரா?" என்றார் மேனேஜர்.

"வர்க்கி எங்கே?" என்றார் கேஷியர். டைப்பிஸ்ட் அம்மா நீலகிரித் தைலம் கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் லீவ் ரிஜிஸ்டரைப் பார்த்ததும் புரிந்தது. காரணம் என்ற காலத்தில், மேனேஜரின் அழகான கையெழுத்தில், 'ஊட்டி டூர்'.

"ஸார், நான் ஊட்டிக்குப் போகலீங்க. ஊட்டுக்குப் போனனுங்க."

"அதைத்தான்யா நானும் கேக்கறேன்! ஊட்டி எப்படி இருந்துச்சு?"

சென்னையிலும் 'வூட்டாண்ட' என்று சொல்கிறவர்கள் லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் எங்க மேனேஜர் புஸ்தகத் தமிழ்க்காரர். கோயமுத்தூர்ப் பையன், மே மாசம், 'ஊட்டு' என்று ஒரு சத்தம்... மூன்றையும் கூட்டினால் அவருக்கு ஊட்டிதான் விடை. கணக்கில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த வருஷம் இன்க்ரிமென்ட் பேச்சு வந்தபோது, 'வேலை நேரத்துல டூர் போற ஆளு' என்று ஒரு வார்த்தை விழுந்ததாகக் கேள்வி. அப்பாரு விழுந்ததைவிட எனக்கு அதுதான் ஜாஸ்தி வலித்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனிமேல் கொங்குத் தமிழ் பேசுவதில்லை.

★ ★ ★

முடிவு செய்வது சுலபம். நாக்குக்கு யார் சொல்வது?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் முதல் நாள், "தொறப்புக்குச்சி எங்கீங்க?" என்று மேனேஜரிடம் கேட்டிருந்தேன். அவர் தீக்குச்சி எடுத்துக் கொடுத்தார். (தொறப்புக்குச்சி என்றால் சாவி. திறக்கிற குச்சி. இதைவிடத் தெளிவாக ஒரு பொருளுக்குப் பேர் வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!) மெஸ்ஸில் 'வட்டல்' கேட்டால் தட்டு வராது. ரூம் கூட்ட 'சீமாறு' கேட்டால் விளக்குமாறு வராது.

ஆபீஸில் இன்னும் ஆபத்து. "ஃபைலைப் பொழுதோட குடுத்தர்றனுங்க" என்றேன் ஒரு நாள். எங்க ஊரில் 'பொழுதோட' என்றால் சாயங்காலம். மேனேஜர் ஊரில் 'பொழுதோடு' என்றால் நேரம் இருக்கும்போதே, சீக்கிரமாக. அவர் பதினோரு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆறு மணிக்கு, சொன்ன சொல் தவறாதவனாக, சிரித்துக்கொண்டே போய் நின்றேன்.

ஆகவே பட்டியல் போட்டேன். நெம்ப - ரொம்ப. செரி - சரி. வெள்ளெனே - சீக்கிரம். அக்கட்டால - அந்தப் பக்கம். ஒட்டுக்கா - சேர்ந்து. அவிய - அவங்க. ஒரு மாதத்தில் மனப்பாடம். கடைசியாக 'ங்க'. அதுதான் கழட்டவே வரவில்லை. சட்டையில் ஒட்டின பிசின் மாதிரி, வாயைத் திறந்தால் கூடவே வந்தது. 'ஆமாங்க', 'இல்லீங்க' என்பது போகட்டும். "டிபன் என்ன?" என்று கேட்டால், "உப்புமாங்க" என்பேன். உப்புமாவுக்கெல்லாம் மரியாதை கொடுக்கிற ஒரே ஜாதி நாங்கள்தான் என்று மேன்ஷனில் பேசிக்கொண்டார்கள்.

பேசிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? ஒருத்தன் திருநெல்வேலி, ஒருத்தன் மதுரை, ஒருத்தன் நாகர்கோவில். மூன்று பேரும் பகலில் என்னை மாதிரியே சலவை செய்து இஸ்திரி போட்ட தமிழ்தான் பேசுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மூலைக்கு ஒருத்தனாக வீட்டுக்கு ஃபோன். ஒரு மூலையில் 'ஏலே', ஒரு மூலையில் 'வந்தாய்ங்க', ஒரு மூலையில் 'மக்கா'. நாலாவது மூலையில் நான், 'செரீங்க... செரீங்க'. கால் மணி நேரம் கழித்து நாலு பேரும் கீழே இறங்கும்போது மறுபடி ஒரே மாதிரி ஆகிவிடுவோம்.

ஆனால் எழுதினால் மாட்டிக்கொள்வோம். பேச்சை இஸ்திரி போட்டாலும் எழுத்தில் சுருக்கம் தெரிந்துவிடும். மதுரைக்காரன் மளிகைச் சீட்டில் 'வாளப்பளம்' என்று எழுதியிருந்தான். சென்னைவாசியான வாட்ச்மேன் அதையே 'வாயப்பயம்' என்றுதான் வாசித்தார். நான் என் பங்குக்கு 'மொளகா, வெறகு, செரட்டை' என்று எழுதுவேன். எழுத்துப்பிழை என்பது சும்மா இல்லை ஸார். அது பிறந்த ஊர் சர்டிபிகேட்.

அப்படியும் ஒரு வருஷத்தில் ஜெயித்துவிட்டேன். புதிதாக வந்த ஒருத்தர் என்னிடம், "ஸாருக்கு சொந்த ஊரே மெட்ராஸா?" என்று கேட்டார். அன்றைக்கு ஒரு ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டேன்.

★ ★ ★

அடுத்த வாரம் என் செல்ஃபோனில் சார்ஜ் இல்லை. ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் இஸ்திரித் தமிழ்.

"என்னம்மா, சாப்பிட்டியா? அப்பா எங்கே?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவின் குரல், கொஞ்சம் பயந்து:

"யாருங்க பேசறது?"

நான் சிரித்துவிட்டேன். "நான்தாம்மா, உன் பையன்."

"எம்பையன் 'சாப்ட்டீங்களாம்மா'ம்பான்... நீங்க யாருங்க?"

அந்த 'ங்க' இருக்கிறதே, அது ஈ.பி. ரீடிங் எடுக்க வருகிறவரிடமும், வழி கேட்டு நிற்கிற லாரி டிரைவரிடமும் அம்மா சொல்கிற 'ங்க'. பெற்ற பிள்ளைக்கு என்றைக்கும் 'கண்ணு', 'சாமி'தான். பிள்ளை அம்மாவுக்கு 'ங்க' போட வேண்டும். அம்மா பிள்ளைக்குப் போட மாட்டாள். எங்க ஊரில் அந்த இரண்டு எழுத்தை யார் யாருக்குப் போடுகிறார்கள், யார் போடவில்லை என்பதை வைத்தே ஒரு வீட்டின் உறவு முறையை எழுதிவிடலாம். நான் என் பக்கத்து 'ங்க'வை எடுத்துவிட்டேன். உடனே அம்மா தன் பக்கத்தில் ஒன்று போட்டுவிட்டாள். வரவும் பற்றும் மாதிரி, ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் மாறத்தான் செய்யும். பி.காம். படித்தும் அது எனக்குத் தோன்றவில்லை.

"நான்தானுங்கம்மா..." என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"ஏங்கண்ணு, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் அம்மா.

★ ★ ★

பிறகு கல்யாணம், குழந்தை. 2020-ல் கொரோனா வந்தது. சென்னை ஜாகையைக் காலி செய்துகொண்டு ஊரோடு வந்துவிட்டேன். கணக்கு எழுதிய கையால் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தேன். சென்னையில் நாக்குக்கு வந்த சோதனை இங்கே பேனாவுக்கு வந்தது.

எங்க ஊரில் 'அண்ணா'வோடு 'ங்க' சேர்ந்து, நடுவில் இருக்கிற 'க' தேய்ந்து, 'வாங்ணா', 'சொல்லுங்ணா' என்று வரும். காதுக்கு வெல்லம். கையால் எழுதினால் குற்றம்! நன்னூல் கணக்குப்படி 'ங்' என்கிற மெய்யெழுத்துக்குப் பின்னால் 'க' வரிசை மட்டும்தான் வரலாம். 'ண' வரக் கூடாது. சரி, 'அண்ணா'வை விட்டுவிட்டு 'ஏனுங்' என்று நிறுத்தலாம் என்றால், ஒரு சொல் 'ங்'கில் முடியவும் கூடாது. அதற்கும் தடை. இத்தனைக்கும் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று சொல்கிறவர்கள் உண்டு. கொங்கு நாட்டுக்காரரே இப்படிச் செய்தால் நாங்கள் எங்கே போய் முறையிட?

இன்னொரு சோதனை 'என்ற'. எங்க ஊரில் 'என்ற' என்றால் என்னுடைய. 'உன்ற' என்றால் உன்னுடைய. ஒரு கட்டுரையில் ஆசையாக, 'என்ற மனைவி நல்லாச் சமைப்பாங்க' என்று எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆபீஸிலிருந்து ஃபோன்.

"ஸார், ஒரு பேர் விட்டுப்போச்சு."

"எங்கீங்க?"

"'என்ற மனைவி'ன்னு இருக்கு. என்ன என்ற மனைவி? கமலா என்ற மனைவியா, விமலா என்ற மனைவியா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் நல்லாச் சமைக்கவில்லை.

இந்தக் காலத்து சௌகரியம், ஃபோனிடம் வாயால் சொன்னால் அதுவே டைப் அடித்துக் கொடுக்கிறது. சொல்லிப் பார்த்தேன். 'ஊட்டுக்கு வந்துட்டனுங்க' என்றால் 'ஊட்டிக்கு வந்து விட்டேன்' என்று அடித்தது. என் பழைய மேனேஜர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் போல!

★ ★ ★

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் பேசுவதை எழுதவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1942-லேயே ஆர்.ஷண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் கொங்குச் சனங்கள் பேசுகிறபடியே பேச வைத்து, தமிழ் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று பேர் வாங்கிவிட்டார். 1982-ல் கி.ராஜநாராயணன் கரிசல்காட்டுப் பேச்சுக்கு அகராதி போட்டார். 2000-ல் பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' கொண்டுவந்தார். ஒரு பேச்சுக்கு அகராதி போடுகிறார்கள் என்றால் அது கொச்சை இல்லை, சொத்து என்று அர்த்தம். அதற்கெல்லாம் முன்னால் தொல்காப்பியரே தமிழ்ச் சொற்களை நாலு வகையாகப் பிரித்து, அதில் ஒன்றுக்குத் 'திசைச்சொல்' என்று பேர் வைத்து, பல நிலத்துச் சொற்களுக்கும் இடம் ஒதுக்கிவிட்டார். தொல்காப்பியர் கொடுத்த சீட்டைத்தான் நான் ஒரு இன்க்ரிமென்ட்டுக்காகக் காலி செய்தேன்.

சினிமாவில் கோவை சரளா பேசினால் தியேட்டரே சிரிக்கும். 1995-ல் வந்த 'சதிலீலாவதி'யில் கமலும் அவரோடு சேர்ந்து கொங்குத் தமிழ் பேசினார். அதை டி.வி.யில் பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அந்த மாதிரியே பேசுகிற அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, 'இதுல என்ன சிரிப்பு?' என்கிற மாதிரி பார்த்தாள். அவளுக்கு அது காமெடி இல்லை, பேச்சு.

அரசாங்கத்துக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 2020 ஜூனில், தமிழில் உச்சரிக்கிற மாதிரியே இங்கிலீஷிலும் எழுத வேண்டும் என்று 1,018 ஊர்களுக்கு ஸ்பெல்லிங்கை மாற்றி ஆணை வந்தது. கோயம்புத்தூருக்கு இங்கிலீஷில் 10 எழுத்து இருந்தது 14 ஆனது. 'சி'யில் ஆரம்பித்த ஊர் 'கே'யில் ஆரம்பித்தது. நடுவில் இரண்டு 'டி.எச்.' வேறு. சனங்கள் கேலி செய்ய, சில நாளிலேயே ஆணையை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

என் சந்தேகம் வேறு. உச்சரிக்கிற மாதிரி என்றால், யார் உச்சரிக்கிற மாதிரி? எங்க ஊரில் 'கோயம்புத்தூர்' என்று யாரும் சொல்வதில்லை. 'கோயமுத்தூரு'. நடுவில் 'ம்பு' கிடையாது. 'ம்பு' போர்டில் இருக்கிறது, புஸ்தகத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. எந்த வாயை வைத்து ஸ்பெல்லிங் போடுவது? ஒரு ஊர்ப் பேருக்கே இந்தப் பாடு. ஒவ்வொரு ஊர்க்காரனும் அவனவன் வாய்க்குத் தக்க எழுத ஆரம்பித்தால், அடுத்த ஜில்லாவுக்கு லெட்டர் போட முடியாது. எழுத்து பொதுவாக இருக்க வேண்டியதுதான். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

எங்க ஊர் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு பேக்கரியில் ஒரு பையன் டீ போடுகிறான். ஒடிசாக்காரன். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாள், "தம்பி, ஷுகர் கம்மியா ஒரு டீ" என்றேன்.

"அஸ்கா கம்மியாங்ணா? செரீங்ணா" என்றான்.

ஆடிப்போய்விட்டேன். சர்க்கரையை 'அஸ்கா' என்று சொல்வது எங்க பாட்டி காலத்துப் பழக்கம். நானே மறந்துபோய் ஷுகரில் நிற்கிறேன். அவன் அஸ்காவில் இருக்கிறான். எந்த நன்னூலும் படிக்காமல் 'ங்ணா'வை அவ்வளவு சுத்தமாகச் சொல்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் இதுதான். அதில் ஒரு குறையும் இருப்பதாக அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பிற்பாடு ஒரு விஷயம் தெரிந்தது. அஸ்கா என்பது ஒடிசாவில் ஒரு ஊர். அங்கே சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்த ஊர்ப் பேர்தான் சர்க்கரைக்கே பேராகிவிட்டது என்கிறார்கள். அடக் கடவுளே! எங்க பாட்டி சொத்து என்று நான் பெருமைப்பட்டது அவன் ஊர்ச் சரக்கு. அவனிடமே திரும்பிப் போயிருக்கிறது.

★ ★ ★

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் மூன்றாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ராத்திரி தூங்குகிறவரை அவளுடைய அப்பத்தா (அதாவது எங்க அம்மா) மடியில்தான். போன வருஷம் ஒரு நாள், 'என் வீடு' என்று பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுதியிருக்கிறாள்:

'என்ற ஊடு பெரிய ஊடு. பொடக்காலியில் முருங்கை மரம் இருக்குதுங்க. ஒரம்பரை வந்தால் அப்பத்தா வரக்காப்பி வைப்பாங்க.'

(பொடக்காலி என்றால் கொல்லைப்புறம். ஒரம்பரை என்றால் உறவுக்காரர்கள்.)

நோட்டு முழுக்க சிவப்பு வட்டம். திருப்பதி லட்டு மாதிரி வரிசையாக இருந்தது. பத்துக்கு மூன்று மார்க். டீச்சர் மேல் தப்பே இல்லை. பரீட்சையில் 'ஊடு' எழுதினால் எந்த ஊரிலும் மார்க் போடமாட்டார்கள். இன்றைக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் நாளைக்கு இன்னும் ஜாஸ்தி போகும்.

ஆனால் மகள் வீட்டுக்கு வந்து செய்த காரியம்தான்... அப்பத்தா ஆசையாக, "ஊட்டுக்குள்ள வா கண்ணு" என்றதும், இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஊடு இல்ல அப்பத்தா, வீடு! நீங்க பேசறதெல்லாம் தப்பாம். உங்களாலதான் எனக்கு மூணு மார்க்கு" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி கதை சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. குழந்தை ஏதாவது கேட்டால் தலையை ஆட்டினாள், இல்லையென்றால் கையைக் காட்டினாள். நாலாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்து சமையல்கட்டில் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, ஒடம்பு செரியில்லீங்களா?"

"எனக்கென்ன சாமி... நான் பேசிப் பேசித்தான் புள்ளைக்கு மார்க்குப் போகுதாமா. அதான் வாயைத் தொறக்கறதில்லை. அவ படிப்பு முடியட்டும்."

மூன்றாம் வகுப்புக் குழந்தையின் படிப்பு முடிய இன்னும் பதினைந்து வருஷம் ஆகும். அம்மாவுக்கு வயசு எழுபது.

எனக்கு அந்த லேண்ட்லைன் ஞாபகம் வந்தது. அன்றைக்கு 'யாருங்க பேசறது' என்று கேட்கவாவது செய்தாள். இன்றைக்கு அதையும் நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி பழைய லெட்ஜர் நோட்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். இடது பக்கம் 'அப்பத்தா கணக்கு', வலது பக்கம் 'டீச்சர் கணக்கு' என்று தலைப்புப் போட்டேன். மகளைக் கூப்பிட்டேன்.

"இங்க பாரு கண்ணு. நீ எழுதினது தப்புதான். ஆனா அப்பத்தா பேசறது தப்பு இல்லை. இடம்தான் மாறிப்போச்சு. எழுதறது வேற கணக்கு, பேசறது வேற கணக்கு. நீ அதை எடுத்து இதுல எழுதிட்டே."

வருமான வரிக்காரர்களுக்கு இரண்டு கணக்கு நோட்டு வைத்திருப்பவனைக் கண்டால் ஆகாது. தமிழனாகப் பிறந்தவனுக்கு இரண்டு நோட்டு இல்லாமல் ஆகாது. 'இலை' என்று எழுதி 'எலை' என்று சொல்லாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். குடம் - கொடம், இடம் - எடம், விறகு - வெறகு. முதல் எழுத்து இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் வாய் தானாக எகரம், ஒகரம் ஆக்கிவிடுகிறது. அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 'ஒடம்பு' என்று எழுதுகிற குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறது என்றுதான் அர்த்தம். கைதான் இன்னும் பழக வேண்டும். குடைக்கும் கொடைக்கும் வாயில் வித்தியாசம் இல்லை. கர்ணனை நினைத்துக்கொண்டால் கொடை, மழையை நினைத்துக்கொண்டால் குடை.

அம்மாவை உட்கார வைத்து, "சொல்லுங்கம்மா" என்றோம். முதலில் வாயே திறக்கவில்லை. மகள்தான் மடியில் ஏறி உட்கார்ந்து, "அப்பத்தா, நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும். ஹோம்வொர்க்கு" என்றாள். ஹோம்வொர்க் என்றதும் அம்மா பயந்து ஆரம்பித்துவிட்டாள்.

ஊடு - வீடு. வட்டல் - தட்டு. தொறப்புக்குச்சி - சாவி. நோம்பி - பண்டிகை. ரவைக்கு - இரவில். இடது பக்கம் அப்பத்தா சொல்வது, வலது பக்கம் மகள் கண்டுபிடிப்பது. ஒரு வாரத்தில் நூறைத் தாண்டியது. அப்புறம் சில சொற்கள் வந்தன. அவற்றுக்கு வலது பக்கம் எதுவும் அகப்படவில்லை.

'இட்டேரி'. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் காட்டுக்குப் போகிற தடம். ஒரே சொல்லில் டீச்சர் கணக்கில் என்ன எழுதுவது? 'சிலுவாடு'. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அடுக்குப் பானையில் யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைக்கிற சில்லறை. சேமிப்பு என்று எழுதினால் பேங்க் வாசனை அடிக்கிறது. 'போச்சாது'. போனால் போகிறது, இதற்கெல்லாம் மனசை விடாதே என்று சொல்கிற ஒரு வார்த்தை.

கணக்கில் எதிர்ப்பதிவு கிடைக்காத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில் போட்டு வைப்போம். மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஆரம்பித்தாள். அதுதான் இப்போது வேகமாக வளர்கிறது. நான் சென்னையில் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்ட சொற்களை, என் மகள் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். நோட்டு ஒன்றுதான்; நான் உபயோகித்த பக்கம் தப்பு.

ராத்திரிக் கதை மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஊடும் பொடக்காலியும் இட்டேரியுமாக, சத்தமாக.

போன லீவுக்குக் குடும்பத்தோடு ஊட்டி போய்வந்தோம். இந்தத் தடவை நிஜமாகவே ஊட்டி. வர்க்கியும் வாங்கினோம். பள்ளிக்கூடம் திறந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று எழுதச் சொன்னார்கள். மகள் இப்போது உஷார். ஒரு 'ங்க' இல்லை, ஒரு 'என்ற' இல்லை. டீச்சர் கணக்கில் சுத்தமாக எழுதியிருந்தாள்:

'விடுமுறையில் நாங்கள் வீட்டிக்குச் சென்றோம். வீட்டி மிகவும் குளிராக இருந்தது. வீட்டியில் படகில் சென்றோம்.'

"என்ன கண்ணு இது, வீட்டி?"

"நீங்கதானேப்பா சொன்னீங்க... ஊட்டுன்னு வந்தா எழுதறப்போ வீட்டுன்னு மாத்தணும்னு!"

அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போச்சாது போ கண்ணு" என்று மகளைக் கட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஊட்டை ஒருத்தர் ஊட்டியாக்கினார். இன்றைக்கு என் மகள் ஊட்டியை வீடாக்கிவிட்டாள்.

கணக்கு டேலி ஆயிடுச்சுங்க!